நாற்பத்தொன்றாவது எண்

எங்கள் ஊரில் பிரிண்டர் சரிசெய்யப் போகிறவன் பணம் கேட்பது மரியாதையில்லை. டீயும் ஒரு துண்டு பழக் கேக்கும் கொடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். டல்லோராவில் பதினாறு வருடமாக நான் அப்படித்தான் பிழைக்கிறேன். என் கால் ஆடுவதைப் பார்த்துப் பயம் என்று எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். அது சின்ன வயதிலிருந்தே ஆடும். ஜன்னல் பக்கமாக உட்காரலாமா? மழை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே பேசினால் எனக்குச் சுலபம்.

முதலில் கிளவுட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது. ஒரு சின்னக் கடைக்காரர் கணினியை வாங்கிக் கடைக்குள் வைத்தால் அது சூடாகும், கெட்டுப்போகும், எங்கள் ஊர் என்றால் நனையும். அதே கோப்புகளை வெகுதூரத்தில் இருக்கும் பெரிய கணினிக் கூடத்தில் வைத்துவிட்டால், மாதாமாதம் ஒரு சிறு வாடகையோடு கவலை முடிந்தது. கடை முழுகினாலும் மறுநாள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வியாபாரத்தைத் தொடரலாம். பெரிய கம்பெனிக்குக் கிடைக்கிற பாதுகாப்பு ஒரு ரொட்டிக் கடைக்கும் கிடைக்கிறது. இதில் என்ன தப்பு, சொல்லுங்கள். ஆற்றோரத் தெருவில் நாற்பத்தொரு கடைகள். நாற்பது பேரை நான் மாற்றிவிட்டேன். மாறாத ஒரே ஆள் மெர்வ் பாஸ்கோ.

மெர்வுக்கு எழுபத்துமூன்று வயது. பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது தொழில். எந்தக் காளையின் விந்து எந்தப் பசுவுக்கு எந்தத் தேதியில் போனது என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் முப்பது வருடப் பதிவு அவருடைய சர்வர் கணினியில் இருந்தது. அது தொலைந்தால் அப்பன் காளையையே மகளுக்குப் போட்டுவிடுவார்கள், கன்று உருப்படாது. அப்படிப்பட்டதை அவர் கடையின் பின்னறையில், சுவரில் ஓர் இரும்புத் தட்டில் திருகி வைத்திருந்தார். பழைய பெருவெள்ளம் தொட்ட கோட்டுக்கு ஒரு சாண் மேலே. எங்கள் தெருவில் எல்லாச் சுவர்களிலும் அந்தக் கோடு உண்டு. ஒரு சாண் மேலே வைத்தால் போதும் என்பது இங்கே வேதவாக்கு. ஆறு என்ன, கோட்டைப் பார்த்துவிட்டா ஏறுகிறது?

வெள்ளிக்கிழமை பப்பில், அதாவது ஊர் மதுக்கடையில், இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டு குலுக்கும்போது, பத்துப் பேர் கூடியிருக்கையில்தான் மெர்வுக்கு வாய் திறக்கும்.

"வாடா டெஸ், மேக வியாபாரி. இன்னிக்கு எத்தன பேர மேல அனுப்பின?"

"நீங்க மட்டுந்தான் பாக்கி மெர்வ்."

"என் காளைங்களோட அந்தரங்கத்தக் கொண்டுபோய் வானத்துல தொங்கவிடச் சொல்றியா? ஊரே அண்ணாந்து பாக்கவா? போடா டேய்."

"வெள்ளம் வந்தா என்ன செய்வீங்க?"

"நீச்சலடிப்பேன். உன் மேகம் கிழிஞ்சா நீ என்னடா செய்வ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. அடுத்த வாரம் பல் டாக்டர் வந்து, "மெர்வ் இது இல்லாமலே சமாளிக்கிறாரே, எனக்கு எதுக்கு?" என்றார். பிறகு மோட்டல்காரியும் அதையே கேட்டாள். ஒரு கிழவரின் கிண்டலில் என் உழைப்பெல்லாம் கரைவதை நின்று பார்ப்பது லேசான காரியமில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

மார்ச் முதல் வாரம் அவருடைய பிரிண்டர் மக்கர் செய்தது. போனேன். அவர் டீ போட்டு, கேக் வெட்டி, யாரோ ஒருவரின் கிடேரியைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அவருடைய பதிவுகள் அத்தனையையும் நகலெடுத்து கிளவுடில் ஏற்றிவிட்டேன். அனுமதி கேட்கவில்லை. குழந்தைக்கு மருந்து புகட்டும்போது அனுமதியா கேட்கிறோம்?

இனி வெள்ள அழைப்புக்கு வருகிறேன். மேலாற்றில் மோயிரா என்ற பண்ணைக்காரி பாலத்தின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது கம்பியைத் தண்ணீர் தொட்டால் தெருவுக்கு ஃபோன் வரும். முன்பெல்லாம் முதல் கடைக்காரர் அடுத்தவரைக் கூப்பிடுவார், அவர் அதற்கடுத்தவரை. "சாமானத் தூக்கியாச்சு" என்ற பதில் காதில் விழும்வரை ஃபோனை வைக்கக் கூடாது. பதில் வராவிட்டால் ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும். எல்லாருக்கும் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாகும். அதையும் நான் கிளவுடுக்கு மாற்றினேன். மோயிரா எனக்குச் சொன்னால் போதும். நான் ஒருமுறை தட்டினால் நாற்பத்தொரு ஃபோனும் ஒரே நேரத்தில் அலறும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மெர்வ் தன் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, "இதுக்காவது உன் மேகம் உதவட்டும்" என்றார்.

அந்தப் புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மோயிரா கூப்பிட்டாள்.

"டெஸ், மூணாவது கம்பி இல்லப்பா, பாலத்தையே காணோம். இப்படி நான் பாத்ததே இல்ல. எல்லாரையும் கிளப்பு."

நான் மெர்வின் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் தட்டினேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். சர்வர் முழுகும். மெர்வ் தலையில் கைவைத்து உட்காருவார். ஒரு வாரம் கழித்து நான் போய், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று திறந்து காட்டுவேன். வெள்ளிக்கிழமை பத்துப் பேர் முன்னால் அவரே அதைச் சொல்வார். புதன் அவர் மேட்டுப் பண்ணைகளுக்கு ஊசி போடப் போகிற நாள். கடையில் ஆள் இருக்காது என்றுதான் நம்பினேன்.

பதினொன்றரைக்கு ரொட்டிக் கடையின் மாவு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மெர்வின் வண்டி அவர் கடை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள். அவருக்கும் ஃபோன் வந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். வரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மூட்டைகளை ஏற்றி முடித்துவிட்டு எல்லாரோடும் மேட்டுக்குப் போனேன். அங்கே நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஃபோனை எடுப்பதும் பையில் போடுவதுமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு அவரே கூப்பிட்டார்.

"டேய் டெஸ், மழைன்னு பண்ணைக்குப் போகாம பின்னறையிலயே இருந்துட்டேன், யாருமே சொல்லலையேடா. பின்பக்கம் முழங்காலுக்கு மேல தண்ணி. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. கோட்டத் தாண்டுமா?"

"தாண்டும்."

"மிஷினக் கழட்டறேன், திருகு துருப்பிடிச்சுக் கிடக்கு. விட்டுட்டு வந்தா முப்பது வருஷம் போச்சு. உனக்குத் தெரியும்ல, வேற வழி ஏதாச்சும் இருக்காடா?"

இருந்தது. 'எல்லாம் என்கிட்ட இருக்கு, விட்டுட்டு ஓடுங்க.' ஐந்தே சொற்கள். 'நீ சொன்னது சரிதான்டா' என்று அவர் வாயிலிருந்து வந்தால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"வழியத்தான் ரெண்டு வருஷமாச் சொல்லிட்டு இருந்தேனே மெர்வ்" என்றேன்.

"சரி, உன் பாட்ட அப்புறம் கேக்கறேன். பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார்.

மேட்டிலிருந்து அவர் கடையின் கூரை தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். இருபது நிமிடத்தில் கூரை மட்டும்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும், பின்னறைக் கதவை மிதந்து வந்த குளிர்பெட்டி அடைத்திருந்ததையும், அவர் கையில் திருப்புளி இருந்ததையும் உங்கள் ஆட்கள்தான் முதலில் பார்த்தார்கள்.

எண்ணை எடுத்தது நான்தான். நீங்கள் கண்டுபிடித்ததில் வியப்பில்லை. பட்டியலில் யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்று கிளவுட் தானாகவே குறித்துவைத்துக்கொள்ளும், அதை என்னாலும் அழிக்க முடியாது. அந்த வசதியைக் கடை கடையாகப் பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய மகள் ஜெனெலிடம் பதிவுகளைத் திறந்து காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா உங்களத் தப்பாவே நெனச்சுட்டாரு" என்று அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. நாலாயிரத்து இருநூறு பசுக்கள், ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மற்ற நாற்பது கடைகளிலும் அப்படியே. இவ்வளவு பெரிய வெள்ளத்தில் எங்கள் தெரு எதையுமே இழக்கவில்லை, இன்ஸ்பெக்டர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.