ஆலாப் பாறையில் வைத்த படையல்

ஹலோ... ஆமா, முகுந்தன்தான். கிள்ளான்ல... நீங்க?... பெர்னடெட் அக்காவா. அந்தத் தீவுல பறவ எண்ணுறவங்களா?... ஓ.

ஆமா, ஆமாக்கா. வீடியோ நான் போட்டதுதான்... இல்லக்கா, பிக்னிக் இல்ல! சத்தியமா இல்ல. அப்பாவுக்கு முப்பதாம் நாளு. அஸ்தி கரைச்ச கடல்ல பூப் போடப் போனோம்... தேங்க்ஸ்க்கா.

என்னன்னா... கருமாதி அன்னிக்கு காக்காவுக்கு வச்ச சோத்த ஒண்ணுகூடத் தொடல. கிள்ளான்ல காக்காவுக்குப் பஞ்சமா, சொல்லுங்க? அம்மா ஒரே அழுக. அப்பாவோட கடைசி நாலு நாள் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலக்கா. அந்தக் கோவம்தான்னு எனக்கே தோணிப் போச்சு.

தீவுல பாத்தா அவ்ளோ பறவைங்க. இங்க வையிடான்னாங்க அம்மா. பாற மேல ஏறி வச்சதுதான், மொத்தமும் எந்திரிச்சு தலைக்கு மேல சுத்துதுங்க. அப்பா வந்துட்டாருன்னு அம்மா கும்பிட்டாங்க. நானுந்தான்...

அந்தப் பறவைங்க ஆலாவா? பேருகூடத் தெரியாதுக்கா... எவ்ளோ நேரம் நின்னோமா? ஒரு மணி நேரம் இருக்கும்லா. உச்சி வெயில்... ஏன்க்கா?

முட்டையா?... நாங்க நின்ன பாறையிலயா? எல்லாரும் மேலயே பாத்துக்கிட்டு நின்னோம்க்கா... ஐயோ. தாய் எறங்கலன்னா முட்ட வெயில்லயே வெந்து... எல்லாமா?

போர்டா? பாத்தேன். படிச்சேன். ‘டிலாராங் மாசோக்’னு செவப்புல கொட்ட எழுத்து. உள்ள வராதேன்னு எனக்குத் தெரியாதாக்கா? அம்மா கண்ணாடிய வீட்லயே விட்டுட்டாங்க. என்னடா எழுதியிருக்குன்னாங்க. பாற வழுக்கும், பாத்து ஏறுங்கன்னு போட்டிருக்குன்னேன்... ஆமா. பொய்தான். வெக்கமா இருக்குக்கா. வனவிலங்கு ஆபிஸ்ல என் பேரையே குடுங்க. வந்து ஒத்துக்கிறேன்.

வீடியோவ இப்பவே எடுத்துடுறேன்... அதில்லக்கா, இன்னொண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழம அய்யாவு சித்தப்பா தீவுக்கு ரெண்டு போட் புக் பண்ணிட்டாரு. சொந்தக்காரங்க எல்லாரும் அப்பாவப் பாக்க வராங்க. அவருக்குப் புடிச்ச சம்பல் செய்யணும்னு அம்மா நெத்திலிகூட வாங்கிட்டாங்க...

நிறுத்தணும். தெரியுது... இல்ல, இல்ல, நீங்க சொல்ல வேணாம். நான்தான் சொல்லணும்... இப்பவா? அம்மா குசினியிலதான் சமைச்சுக்கிட்டு இருக்காங்க... அக்கா, வச்சிடாதீங்க. வச்சீங்கன்னா மறுபடியும் ஏதாவது பொய் சொல்லிடுவேன்.

அம்மா... இங்க வாங்க. அன்னிக்குத் தீவுல அந்த போர்டுல என்னடா எழுதியிருக்குன்னு கேட்டீங்கள்ல? வழுக்கும்னு இல்லம்மா...

அக்கா, நான் வைக்கிறேன். அம்மா கீழ உக்காந்துட்டாங்க.