பொதுமேசைக்கு வந்த தாய்மாமன்

அண்ணன்: …அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உன் மகளை என்கூடக் கூட்டிட்டுப் போகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தங்கை: அது நீங்க பெட்டியை இறக்கும்போதே தெரியும். அந்த முனையை இழுத்துப் பிடிங்கண்ணா, விரிப்பு தரையில படுது.

அண்ணன்: காலையில வந்து இறங்கின விருந்தாளியை மத்தியானமே படுக்கை விரிப்பு மடிக்க வைக்கிற வீடு உலகத்துலயே இது ஒண்ணாத்தான் இருக்கும்.

தங்கை: போன தடவை வந்த பேராயரையே வெங்காயம் உரிக்க வச்சோம். நீங்க தாய்மாமன். அதான் லேசான வேலையாக் கொடுத்தேன்.

அண்ணன்: பேராயர் அழுதாரா?

தங்கை: அழுதார். வெங்காயத்தாலதான்னு சொன்னார்.

அண்ணன்: மாப்பிள்ளை எங்க?

தங்கை: ஒரு வாண்டுக்குப் பல் பிடுங்கக் கூட்டிட்டுப் போயிருக்கார். துணைக்குன்னு நாலு வாண்டு கூடப் போயிருக்கு. அவரை வச்சுக்கிட்டுப் பேசலாம்னு பார்க்கிறீங்களா? அவர் தன் முடிவைச் சொல்லிட்டார். சின்னு வர்றேன்னு சொன்னா தடுக்க மாட்டாராம்.

அண்ணன்: நீ?

தங்கை: நான் இன்னும் எதுவும் சொல்லல.

அண்ணன்: பள்ளிப் படிப்பு முடிஞ்சாச்சு. அங்க நல்ல கல்லூரி இருக்கு. என் வீட்ல அவளுக்குன்னு ஒரு அறை ஒதுக்கி வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட உண்டு. இங்க என்ன இருக்கு அவளுக்கு? வரிசையாப் போட்ட கட்டில்ல ஒரு கட்டில். ஒரே துணியில எல்லாருக்கும் தைச்ச சட்டையில ஒரு சட்டை. நீ அனுப்புற போட்டோவுல என் மருமக யாருன்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேட வேண்டியிருக்கு.

தங்கை: நாங்க யாரையும் தனியாப் படம் எடுக்கிறதில்லண்ணா. ஒரு தடவை எடுத்தோம். எடுக்காம விட்ட பிள்ளைங்க முகத்தைப் பார்த்தேன். அதோட சரி.

அண்ணன்: போன்ல பேசினாலாவது நிம்மதியாப் பேச முடியுதா? அவ ஒரு வரி பேசறதுக்குள்ள அடுத்த பிள்ளை வாங்கி 'மாமா'ங்குது. அதுக்கடுத்தது ஒண்ணு. முகம் தெரியாத எத்தனை பேருக்குத்தான் நான் மாமாவா இருக்கிறது?

தங்கை: எல்லாருக்கும்தான். அதுல என்ன குறைஞ்சுபோச்சு உங்களுக்கு?

அண்ணன்: போன பிறந்தநாளுக்கு நான் அனுப்பின கம்பளிச் சட்டை குறைஞ்சுபோச்சு. காலையில அதைப் போட்டுக்கிட்டு ஒரு பொடிசு ஓடுது. கை முழங்காலுக்குக் கீழ தொங்குது.

தங்கை: அது எங்க வீட்டு வழக்கம். வாசலைத் தாண்டி என்ன வந்தாலும், யார் பேருக்கு வந்தாலும், சாப்பாட்டுக்கூடத்துல இருக்கிற பொதுமேசைக்குத்தான் போகும். அன்னிக்கு எந்தப் பிள்ளையோட முறையோ, அது முதல்ல வந்து பிடிச்சதை எடுத்துக்கும். சின்னுவுக்கும் முறை உண்டு. எல்லாரையும் போல வரிசைப்படி வரும்.

அண்ணன்: அப்போ சட்டை வந்த அன்னிக்கு அவ முறை இல்ல.

தங்கை: …இல்ல. அவளே பிரிச்சு, மேசையில கொண்டுபோய் வச்சா. ஒரு தடவை மோந்து பார்த்தா. 'மாமா வீட்டு அலமாரி வாசனை'ன்னு சொன்னா. அவ்வளவுதான்.

அண்ணன்: அவ்வளவுதான்னு எவ்வளவு லேசாச் சொல்ற. எனக்கு வயிறு எரியுது. நீயும் மாப்பிள்ளையும் கல்லு மாதிரி உயிரோட இருக்கீங்க. பெத்த பிள்ளை அநாதையா…

தங்கை: அண்ணா. அந்த வார்த்தையை இந்த வீட்ல யாரும் சொல்றதில்ல.

அண்ணன்: சரி, சரி… வாய் தவறிடுச்சு.

தங்கை: அடுத்த விரிப்பை எடுங்க. …ஊழியத்துக்கு வரணும்னு ஆண்டவர் கூப்பிட்டது எங்க ரெண்டு பேரைத்தான். அவளை யாரும் கேட்கல. கைக்குழந்தையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வந்துட்டோம். இது எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? ஒவ்வொரு நாளும் முழங்கால் போடும்போது முதல்ல இதைத்தான் சொல்றேன்.

அண்ணன்: சொல்லி?

தங்கை: சொல்லிட்டு எழுந்து கஞ்சி காய்ச்சப் போறேன். ஆனா ஒண்ணு, அண்ணா. நாங்க வந்தப்போ இது கூரை ஒழுகுற ஒரு கட்டடம். ஆறு பிள்ளைங்க, ஒரு வாளி. இன்னிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில ஊசி போடுற நர்ஸம்மா இங்க வளர்ந்தவ. உங்களைக் கூட்டிட்டு வந்த பஸ் டிரைவர் இங்க வளர்ந்தவன். உங்ககிட்ட டிக்கெட் கேட்டானா?

அண்ணன்: கேட்கல. நான் நீட்டினேன், அவன் என் கையைப் பிடிச்சுக் கண்ல ஒத்திக்கிட்டான். பைத்தியமோன்னு நினைச்சேன்.

தங்கை: பைத்தியமில்ல. அவன் வந்த புதுசுல ஒரு மாசம் வாயே திறக்கல. முதல்ல பேசினது சின்னுகிட்டதான். அவளுக்கு அப்போ நாலு வயசு. தன் தட்டுல இருந்ததுல பாதியை அவன் தட்டுல தள்ளிட்டு, 'உனக்குப் பேச வராட்டி நான் உனக்கும் சேர்த்துப் பேசறேன்'னாளாம். அவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

அண்ணன்: நம்ம வீட்டு வாய், வேற எப்படி இருக்கும்?

தங்கை: பார்த்தீங்களா, பெருமைன்னா உடனே நம்ம வீடு. வயித்தெரிச்சல்னா என் வீடு.

அண்ணன்: பெருமைப்படாம? காலையில வண்டி நின்னதும் எல்லாம் கும்பலா ஓடி வந்துதுங்க. அதுல ஒருத்தி முன்னால வந்து என் பெட்டியைப் பிடிச்சு 'மாமா'ன்னா. யாரும் சொல்ல வேண்டியிருக்கல எனக்கு. ரத்தம் பேசும்னு சொல்றது இதைத்தான். அப்படியே கட்டிப் பிடிச்சு அழுதுட்டேன்.

தங்கை: …ம்.

அண்ணன்: மூக்கு அப்படியே நம்ம அப்பா மூக்கு.

தங்கை: …ம்.

அண்ணன்: என்ன 'ம்'?

தங்கை: ஒண்ணுமில்ல. தலையணை உறையெல்லாம் அந்தக் கூடையில போடுங்க.

அண்ணன்: வெயில்ல அலைஞ்சு இந்த ஊர்ப் பிள்ளைங்க நிறத்துக்கே வந்துட்டா. பேச்சு மட்டும் சுத்தமா நம்ம பேச்சு.

தங்கை: இங்க எல்லாருக்குமே நம்ம பாஷை வரும். பாத்திரம் கழுவும்போது நான் திட்டித் திட்டி அதுங்களுக்குப் படிஞ்சுபோச்சு. சமையலுக்கு வர்ற அம்மாகூட இப்போ என்னை நம்ம பாஷையிலதான் திட்டுது.

அண்ணன்: ஏன் சின்னுவை எல்லாரும் 'கடிகாரம்'னு கூப்பிடறாங்க?

தங்கை: அது… மணியடிக்கிற வேலை அவளோடது. ஜெபத்துக்கு, சாப்பாட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு. காய்ச்சல்ல கிடந்தாலும் எழுந்து போய் அடிச்சுட்டு வந்து படுப்பா.

அண்ணன்: தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு இருக்கே, அங்க உட்கார வச்சு அவகிட்டயே கேட்டுட்டேன். 'மாமாகூட வந்துடறியா? உனக்குன்னு வீடு, உனக்குன்னு அறை'ன்னு.

தங்கை: …என்ன சொன்னா?

அண்ணன்: நகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் சொல்றா: 'மாமா, சின்ன வயசுல நான் தூக்கத்துல அலறி எழுவேன். அம்மா என் கட்டிலுக்குக் கீழ பாயைப் போட்டுப் படுத்து, ஒரு கையை மட்டும் மேல நீட்டி வச்சிருப்பாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டா எனக்குத் தூக்கம் வரும். விடிஞ்சா அவங்க கை மரத்துப்போய், கரண்டி பிடிக்க வராம இடது கையால பரிமாறுவாங்க. அந்தக் கை இருக்கிற இடத்தை விட்டு நான் எங்க வர்றது?'ன்னா.

தங்கை: அவளுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கா…

அண்ணன்: ஏன் இருக்காது? அவகிட்ட உன்னைப் பத்திக் குறை கேட்கலாம்னு போனவன் நான். தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரும்பினேன். சரி, போதும். நீ ஜெயிச்சுட்டே. நாளை மறுநாள் நான் மட்டும் கிளம்பறேன். விமானத்துல பக்கத்து இருக்கையில என் பையை வச்சுக்கறேன்.

தங்கை: …

அண்ணன்: என்ன, சந்தோஷமா? வாயைத் திறந்து ஒரு தோத்திரமாவது சொல்லு.

தங்கை: அண்ணா, அந்த விரிப்பைக் கீழ வைங்க.

அண்ணன்: இன்னும் பாதிகூட மடிக்கல…

தங்கை: பரவாயில்ல, வைங்க. இப்படி உட்காருங்க. …நீங்க கட்டிப் பிடிச்சு அழுதது சின்னுவை இல்ல.

அண்ணன்: என்ன சொல்ற?

தங்கை: கடிகாரம் என் வயித்துல பிறந்தவ இல்ல. ஒரு மழை நாள்ல, நடக்கப் பழகின வயசுல, இந்த வாசப்படிக்கு வந்து சேர்ந்தவ. சின்னு அப்போ உங்களுக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்னுக்கிட்டிருந்தா.

அண்ணன்: நீ பார்த்துக்கிட்டு நின்னியா?

தங்கை: சொல்லத்தான் வாயெடுத்தேன். சின்னு என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. 'இருக்கட்டும்மா. இன்னிக்கு மேசை முறை அவளோடதுதானே'ன்னா.

அண்ணன்: மேசை முறையா?

தங்கை: வாசலைத் தாண்டி வர்றதெல்லாம் பொதுமேசைக்குன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவ தாய்மாமனையும் கொண்டுபோய் மேசையில வச்சுட்டா.

அண்ணன்: கடைசியில எனக்கு ஒரு கம்பளிச் சட்டைக்கு இருக்கிற மரியாதைதானா?

தங்கை: சிரிக்காதீங்கண்ணா. கடிகாரத்தைத் தேடிக்கிட்டு இந்த வாசலுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல. மத்த பிள்ளைங்களுக்கு ஒரு சித்தப்பாவோ, தூரத்து அக்காவோ எப்பவாவது எட்டிப் பார்க்கும். வர்றவங்களுக்கெல்லாம் மணியடிச்சுக் கதவு திறந்து விடறவ அவதான். இன்னிக்கு முதல் தடவையா ஒருத்தர் அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதிருக்கார். அவ பயந்துபோய் சின்னுவைப் பார்த்தா. சின்னு கண்ணாலயே 'வச்சுக்கோ'ன்னா. அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமை இருக்கே… ஊழியத்துல நான் வேற எதுக்கும் அப்படி நிமிர்ந்து நின்னதில்ல.

அண்ணன்: சரி, அது அவ செஞ்சது. நீ ஏன் இவ்வளவு நேரம் மென்னு முழுங்கின?

தங்கை: …அங்கதான் நான் வழுக்கிட்டேன். காலைச் சாப்பாட்டுலயே உங்ககிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம். ஆனா நீங்க எதுக்கு வந்தீங்கன்னு புரிஞ்சதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. கடிகாரத்துகிட்ட கேட்டா என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியும். அந்தப் பதிலை வாங்கிக்கிட்டு நீங்க கிளம்பிடட்டும்னு சும்மா இருந்துட்டேன்.

அண்ணன்: சின்னுகிட்ட கேட்டா என்ன பதில் வரும்னு தெரியாதா?

தங்கை: தெரியாது. அதான் பயம். அந்தக் கை, கை மரத்துப்போச்சுன்னு சொன்னாளே… அது கடிகாரத்துகிட்ட இருந்த நாள்ல, சின்னு எதிர்க் கட்டில்ல தானாவே தூங்கப் பழகிட்டா. ஒரு நாள்கூட அந்தக் கையை அவ கேட்டதில்ல. கேட்காத பிள்ளைக்கு மனசுல என்ன இருக்கும்? நீங்க ஒரு அறை, ஒரு தாழ்ப்பாள்னு சொன்னா அவ சரின்னு சொல்லிடுவாளோன்னு…

அண்ணன்: அழாதே. விரிப்பு நனையுது.

தங்கை: துவைச்சுக்கலாம். எழுந்திருங்க. போய் அவகிட்ட கேளுங்க. பின்னால கொடியில துணி எடுத்துக்கிட்டிருப்பா. வர்றேன்னு சொன்னா நானே அவளுக்குப் பெட்டி கட்டித் தர்றேன்.

அண்ணன்: கட்டுவியா?

தங்கை: கட்டுவேன்.

அண்ணன்: அழாம?

தங்கை: பக்கத்துல வெங்காயம் வச்சுக்கறேன்.

அண்ணன்: …உட்காரு. கேட்டாச்சு.

தங்கை: யார்கிட்ட?

அண்ணன்: உன் மககிட்ட. மத்தியானம் கை கழுவுற இடத்துல, அவளே வந்து நின்னா. 'மாமா, நான்தான் சின்னு. கடிகாரத்தைக் கோவிச்சுக்காதீங்க, அவ ஒண்ணும் பொய் சொல்லல, நீங்கதான் அவசரப்பட்டுக் கட்டிப் பிடிச்சீங்க'ன்னா.

தங்கை: அப்போ… மூக்கு, ரத்தம்னு இவ்வளவு நேரம் அளந்ததெல்லாம்?

அண்ணன்: நீ மட்டும்தான் மறைக்கலாமா? எவ்வளவு நேரம் தாங்குவேன்னு பார்த்தேன். நீயா சொல்லுவேன்னு தெரியும். எப்போன்னுதான் தெரியல.

தங்கை: அவ என்ன சொன்னா?

அண்ணன்: மணியடிக்குது. உங்க வீட்ல மணியடிச்சா எல்லாரும் எழுந்து போகணுமாமே.

தங்கை: அடிக்கட்டும். அவ என்ன சொன்னாண்ணா?

அண்ணன்: அரை மனசாத்தான் இருந்தா. அறை பெருசா, ஜன்னல் இருக்கான்னுகூடக் கேட்டா. நான் எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம் திடீர்னு, 'நான் யாருன்னு அம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?'ன்னா. இன்னும் சொல்லலன்னேன். நம்பல. 'எங்க அம்மாவா? அவங்களுக்கு ஒரு சின்னப் பொய்கூட வராதே மாமா'ன்னா. நான் உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேனோன்னு பயந்துதான் உங்க அம்மா வாயை மூடிக்கிட்டிருக்கான்னு சொன்னேன். ஈரக் கையைத் துடைக்காம அப்படியே நின்னா, தங்கச்சி. அந்த முகத்தை நீ பார்த்திருக்கணும். 'எனக்குன்னு ஒரு மிட்டாயைக்கூட எடுத்து ஒளிச்சு வைக்காத அம்மா, இன்னிக்கு என்னையே ஒளிச்சு வச்சிருக்காங்களா?'ன்னா. 'இது போதும் மாமா, நான் எங்கயும் வரல'ன்னுட்டு, கடிகாரத்துகிட்ட சொல்ல ஓடிட்டா.