மணலில் வந்த கால்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம்ம ஃபெஸ்டஸுடைய அத்தை மகன் ஹிஸ்கியாவுக்கு நடந்தது இது.

சாயங்காலம் ஆறு மணி... எலும்புக்கூட்டுக் கரை. ஒரு பக்கம் மணல்மேடு, ஒரு பக்கம் கடல். நடுவே, டயரில் காற்றை இறக்கிவிட்டு, இரண்டு லேண்ட் குரூசர்கள். இறங்கியதும் அடுப்பு எரிய வேண்டும் என்பதால் சமையல் சாமானும் சமையல்காரியும் எப்போதும் முன் வண்டியில்தான். அதை ஓட்டியவன் அப்சலோம். சமையல்காரி எல்ஃப்ரீடா, ஹிஸ்கியாவின் மனைவி. ஹிஸ்கியா, விலங்கு பார்க்க வந்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். முன் வண்டிக் கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது. சிரித்துச் சிரித்துப் பின்னால் சாய்ந்தது.

இவனுக்கு வயிறு எரிந்தது.

"அப்படி என்னடி சிரிப்பு?" கூடாரம் அடிக்கும்போது கேட்டான்.

"சீல் குட்டி தும்முற மாதிரி தும்மிக் காட்டினான். சிரிக்காம, அழவா?"

"என்கூட வந்தா மட்டும் வாய்ல பூட்டு."

"உன்கூட வந்தா விசாரணைதானே நடக்கும்!"

ஹிஸ்கியா போர்வையைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்குள் படுக்கப் போய்விட்டான்.

அங்கே ஒரு வழக்கம். படுக்கும் முன் கூடாரங்களைச் சுற்றி ஈரச்சாக்கை இழுத்து மணலைச் சமமாக்கிவிடுவார்கள். ராத்திரி எது வந்துபோனது என்று காலையில் விருந்தாளிகளுக்குப் படித்துக் காட்டலாம். ஹிஸ்கியா அதில் கில்லாடி.

விடிந்தது. நரி வந்திருந்தது. கழுதைப்புலி மோந்துவிட்டுப் போயிருந்தது. அப்புறம்... ஒரு ஆண்பிள்ளையின் வெறுங்கால். கடல் பக்கமிருந்து வந்து, எல்ஃப்ரீடாவின் கூடாரத்துக்குள் போய், திரும்பியிருந்தது. தடம் தெரியாமலிருக்க அலையோரமாகச் சுற்றி வந்திருக்கிறான், திருட்டுப் பயல் அப்சலோம்! விருந்தாளிகள் எழுவதற்குள் ஹிஸ்கியா அதைப் பூட்ஸ் காலால் அழித்தான். கட்டைவிரல் வளைந்த கால் அது. எல்லா மிருகத்தின் காலையும் தெரிந்தவன், தன் காலைத் தடமாக என்றைக்குப் பார்த்திருக்கிறான்?

அடுத்த நாளும் அதே தடம். எல்ஃப்ரீடா களி கிண்டிக்கொண்டே முணுமுணுத்துப் பாடினாள். இவன் தட்டில் இறைச்சியை அள்ளி வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குழைகிறது என்று நினைத்து இவன் இன்னும் வெந்தான்.

மூன்றாம் ராத்திரி மூடுபனி. மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் விழித்திருந்தான்.

சளக்... சளக்...

அழுகிய கடற்பாசி நாற்றம். கூடாரத்தின் ஜிப்... சர்ர்ர்.

ஓடினான். முதலில் அப்சலோமின் கூடாரம். அவன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பிறகு எல்ஃப்ரீடாவிடம். அவள் மட்டும்தான் இருந்தாள். பக்கத்துப் படுக்கை சொதசொதவென்று நனைந்திருந்தது.

"யாரு வந்தது?"

அவள் தூக்கக் கலக்கத்திலேயே சிரித்தாள். "என்ன விளையாட்டு இது? மூணு ராத்திரியா நீதானே வர்றே. ஒரு வார்த்தை பேசாம கட்டிக்கிறே. மன்னிப்புக் கேக்கத் தெரியாம இப்படி வர்றியேன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

ஹிஸ்கியாவுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. இந்தக் குரலில் அவள் தன்னோடு பேசி வருஷங்கள் ஆகியிருந்தன.

"அது... நான் இல்ல." அவள் கையை இறுகப் பிடித்தான்.

அப்போது வெளியே அவனுடைய குரலே கேட்டது.

"எல்ஃப்ரீடா... தூங்கிட்டியா?"

கும்மிருட்டு. அவள் இவன் முகத்தைத் தடவினாள். கை கீழே இறங்கி மண்வெட்டியில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அப்போதாவது அவன் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"அவன் குரலைக் கேட்டதும் எதுக்குடி கையை எடுக்கிறே?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வா," என்றாள்.

காலையில் அப்சலோம் எழுந்தபோது ஹிஸ்கியா காபி போட்டுக்கொண்டிருந்தானாம். ஒரே ஒரு ஹிஸ்கியாதான். சிரித்தபடி முதல் கோப்பையை அப்சலோமுக்கே நீட்டினானாம்.

போன மாதம் ஃபெஸ்டஸ் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தான். எல்ஃப்ரீடா பூரித்துப்போய்ச் சொன்னாளாம்: "மனுஷன் எவ்வளவு மாறிட்டார் தெரியுமா? சண்டை இல்ல, சந்தேகம் இல்ல. ராத்திரி படுத்தா, மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது... அவ்வளவு நிம்மதியாத் தூங்குறார்."