எட்டாவது புள்ளி

நான் சோறு நிதானமாகத் தின்பவன், ஐயா. கூட உட்காருகிறவர்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கலாம்.

முத்தியால்பேட்டையில் ஒரு மில்லில் பாய்லர் மேஸ்திரி நான். என்னோடு சேர்த்து ஏழு பேர். தினமும் மூவர் அடுப்பில், நால்வர் கரிக் குவியலில். அடுப்பை விட்டு நகரக்கூடாது. அதனால் மூவரும் அங்கேயே சேர்ந்து தின்ன வேண்டும். மற்றவர்கள் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். மரத்தடியில் எனக்கு யாரும் இடம் விட்டதில்லை.

1957இல் சுவரில் கரியால் ஒரு முக்கோணம் போட்டேன். மூன்று முனை, மூன்று பக்கங்களின் நடு, உள்ளே ஒன்று. ஆக ஏழு புள்ளி, ஆளுக்கு ஒன்று. கோட்டுக்கு மூன்று புள்ளி. கடைசிக் கோடு மட்டும் வளைந்து வட்டமாக வந்தது. ஏழு கோடு, ஏழு நாள். எந்த இருவரை எடுத்தாலும் அவர்கள் சேரும் நாள் ஒன்றே ஒன்று. வாரத்தில் ஒரு வேளை ஒவ்வொருவனும் என்னோடு தின்றாக வேண்டும். நடுப்புள்ளி நான்.

"மேஸ்திரி மார்கழிக் கோலம் போட்டுட்டாருடா" என்றான் பக்கிரி. சிரித்தார்கள். ஆனால் வந்து தின்றார்கள்.

இந்தத் தை மாதம் அம்மாவாசை என்று ஒரு புது ஆளை வேலைக்கு எடுத்தார்கள். மறுநாளே மரத்தடியில் அவனுக்கு இடம் கிடைத்தது.

"அண்ணே, ஒங்க கோலத்துல எனக்கும் ஒரு புள்ளி வைங்களேன்."

வைத்தேன். பதினொரு நாள் கோடு போட்டுப் போட்டு அழித்தேன். எட்டுப் பேரில் ஒருவனுக்கு மற்றவர்கள் ஏழு. நாளுக்கு இருவரோடு சேர்ந்தால் ஆறு பேர் தீருவார்கள். ஒருவன் மிஞ்சுவான்.

"அந்த மிச்சம் நீங்களே இருந்துக்குங்க" என்றான் பக்கிரி.

"ஒனக்கு மட்டும் மிச்சமா?"

"எல்லாருக்குந்தான்."

அம்மாவாசையும் சிரித்தான்.

இரண்டு பாய்லரில் ஒன்றை ஆறவைத்து, ஆள் உள்ளே இறங்கி உப்புப் படிவைச் சுரண்டும் நாள் வந்தது. அம்மாவாசையை இறங்கச் சொன்னேன். மற்ற பாய்லரின் நீராவியை இதற்குள் விடும் திருகு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று சுற்று திறந்தேன். பிறகு மூடினேன். விபத்து என்றுதான் எழுதினார்கள். ஆனால் எட்டாவது புள்ளியை நான் அன்று காலையிலேயே அழித்திருந்தேன். பக்கிரி அதைக் கவனித்து உங்களிடம் சொல்லியிருக்கிறான்.

என்னை நீங்கள் பிடித்து வைத்தபின் இப்போது அவர்கள் ஆறு பேர். ஒருவனுக்கு மற்றவர்கள் ஐந்து. அதுவும் இரண்டிரண்டாகப் பிரியாது. நான் இல்லாமல் திண்டாடுவார்கள்.

ஆறு பேரும் பாய்லர் அறையிலேயே வட்டமாக உட்கார்ந்து தின்கிறார்கள் என்கிறீர்கள். இருக்கும், ஐயா. இன்னொரு தடவை ஆள் அனுப்பிப் பாருங்கள். நடுவில் ஓர் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.