மாடுகள் திரும்பி வந்த மாலை

"ஓடுங்க. குரூணைத் தாண்டிட்டான். ஓடுங்க."

சைக்கிளில் போகிறவர் கத்துகிறார். நிற்கவில்லை. குரூண் வடக்கே, கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊர். எங்கள் செமிலிங் கடைத்தெரு முழுக்க ஆட்கள். தலையில் மூட்டை. இடுப்பில் பிள்ளை. எல்லாரும் தோட்டத்துக்குள் ஓடுகிறார்கள். ரப்பர் மரங்களுக்குள் புகுந்துவிட்டால் ஜப்பான்காரன் கண்ணில் படமாட்டோம் என்று பேச்சு.

நாங்கள் ஓடவில்லை. ஓட முடியவில்லை. அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். தம்பி பிறந்து நான்கு நாள். அம்மாவுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. எழுந்து நிற்கக்கூட முடியாது.

1941 டிசம்பர். மார்கழி பிறந்த அன்று. எனக்கு ஒன்பது வயது. இப்போது தொண்ணூற்று மூன்று. கிழவிக்கு நினைவு தப்பியிருக்கும் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு. எனக்கு ஒன்றும் தப்பவில்லை.

எங்களுடையது பால் வியாபாரம். தாத்தா தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவர். ஒரு மாடு வாங்கினார். வேலையை விட்டார். கடைத்தெருவுக்குப் பின்னால் கொட்டகை போட்டார். அப்பா காலத்தில் பதினொரு கறவை மாடும் ஒரு கிடேரியும் நின்றன. அந்தத் தெருவில் எங்கள் பால் குடிக்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது.

எட்டாம் தேதியிலிருந்து சத்தம்தான். முதலில் சுங்கைப்பட்டாணிப் பக்கம் குண்டு. தரை அதிரும். மாடுகள் பால் சுரக்கவில்லை. பிறகு வடக்கே பீரங்கி. இரண்டு நாள் விடாமல். பிறகு வெள்ளைக்காரனுடைய லாரிகள் தெற்கே போயின. கடைசியாக, போகிற போக்கில் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கொட்டகையிலிருந்து தூசி கொட்டியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

அப்பா முடிவெடுக்கிறார். வீட்டில் ஆள் இல்லாததுபோல் காட்ட வேண்டும். மாடு கட்டியிருந்தால் ஆள் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். ஆகவே அவிழ்த்துவிட வேண்டும். காலையில் கறந்து முடித்ததும் அண்ணன் எல்லாவற்றையும் தோட்டத்துக்குள் வெகுதூரம் ஓட்டி விட்டுவிட்டு வந்தான். அண்ணன் பெயர் மாணிக்கம். வயது பதினாறு. வந்தவன் வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டினான். பின்பக்கம் ஏறி, அத்தாப்பு ஓலைக் கூரையை விலக்கி, உள்ளே குதித்தான். கூரையைப் பழையபடி இழுத்து மூடினான்.

இப்போது ஐந்து பேரும் உள்ளே இருக்கிறோம். வெளியே பூட்டு.

ஒரே அறை. இருட்டு. புழுக்கம். தம்பி அழக்கூடாது. அம்மா அவன் வாயிலிருந்து மார்பை எடுக்கவே இல்லை. நடுப்பகல் தாண்டியதும் சாலையில் இரும்பு உரசுகிற சத்தம். டயர் இல்லாத சைக்கிள்கள். ஜப்பான்காரன் சைக்கிளில்தான் வந்தான். நிறைய. யாரோ வாசலுக்கு வந்தார்கள். பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிழைத்துக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

மூன்று மணி இருக்கும். கழுத்து மணி ஒன்று கேட்கிறது. பிறகு இன்னொன்று.

அப்பா எழுந்து பலகை இடுக்கில் கண்ணை வைத்தார். எனக்குப் புரிவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. அது கறவை நேரம். மடி நிறைந்தால் மாட்டுக்கு வலிக்கும். வலித்தால் கறக்கிற கையைத் தேடி வரும். பிறந்ததிலிருந்து மாட்டோடு கிடந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்துவிட்டார். மாடு போய்விடும் என்று மட்டும் நினைத்தோம். எந்த மாடாவது வீட்டை விட்டுப் போயிருக்கிறதா?

வந்துவிட்டன. பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கின்றன. முதலில் லெட்சுமி கூப்பிடுகிறது. பிறகு மயிலி. பிறகு எல்லாம். ஒன்று கொம்பால் கதவை இடிக்கிறது. அப்பா பலகை இடுக்கில் வாயை வைத்து, "போ, போம்மா" என்று மூச்சு விடுகிற குரலில் கெஞ்சுகிறார். அந்தக் குரலைக் கேட்டதும் அவை இன்னும் பலமாகக் கத்தின. தம்பி கடைசிவரை அழவில்லை.

பூட்ஸ் சத்தம். பூட்டில் துப்பாக்கிக் கட்டை விழுகிறது. இரண்டாவது அடியில் கதவு திறந்தது. வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது.

அவர்களுக்கு வேண்டியது இறைச்சி. மாடுகளைக் காட்டினார்கள். சாலையைக் காட்டினார்கள். ஓட்டிக்கொண்டு வர ஒரு ஆள். அப்பா எழுந்தார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நீங்க இருங்கப்பா. அம்மாவ பாருங்க. நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுறேன்."

மாடுகள் நகரவில்லை. கறக்காமல் எப்படி நகரும்? அண்ணன் குந்தி உட்கார்ந்தான். ஒவ்வொன்றுக்கும் வலி குறையும் அளவுக்கு மண்ணிலேயே பீய்ச்சிவிட்டான். சிப்பாய்கள் சிரித்தார்கள். ஒருவன் தொப்பியை நீட்டிப் பிடித்துப் பால் குடித்தான். பிறகு அண்ணன் நாக்கைத் தட்டி ஓசை கொடுத்தான். பதினொன்றும் அவன் பின்னால் போயின. வாயில்லாத ஜீவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். இன்றுவரை படுகிறேன்.

அப்பா தேடினார். பீடோங். சுங்கைப்பட்டாணி. கோத்தா கோலா மூடா வரை நடந்தே போனார். மூடா ஆற்றைத் தாண்டும்போது பார்த்ததாக ஒருவர் சொன்னார். அப்போது மூன்று மாடுதான் மிச்சம், பையன் கூடவே போனான் என்றார். அதோடு சரி.

கிடேரி மட்டும் பிழைத்தது. அதற்கு மடியில் பால் இல்லை. திரும்பி வரக் காரணமும் இல்லை. தோட்டத்து ஆட்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் அப்பா மறுபடி ஆரம்பித்தார். அதே கொட்டகை. அதே தெரு. பிறகு தம்பி. இப்போது தம்பி மகன். போன மாதம் அவன் கடைக்குப் புதுப் பலகை எழுதி மாட்டியிருக்கிறான். 'நூறு ஆண்டு இடைவிடாத சேவை.' 'இடைவிடாத' என்கிற அந்த ஒரு சொல்லை அழி என்றேன்.

"அத்தே, அது சும்மா விளம்பரம்லா. யாரு கேக்கப் போறா?"

நான் கேட்பேன். அதற்காகத்தான் இதைச் சொல்லி எழுத வைக்கிறேன்.

சண்டை முடிந்தபின் இழப்பு விசாரிக்க சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். மாடு பதினொன்று என்றார் அப்பா. ஆள் யாராவது என்று கேட்டார்கள். யாரும் இல்லை, பெரியவன் வெளியே போயிருக்கிறான், வந்துவிடுவான் என்றார். சாகும்வரை அதையேதான் சொன்னார். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது நான் கணக்குச் சொல்கிறேன். லெட்சுமி. மயிலி. கருப்பி. செவலை. சுட்டி. வெள்ளச்சி. காமாட்சி. பூரணி. மொட்டைக்கொம்பு. பெரியவள். சின்னவள். மாடு பதினொன்று.

ஆள் ஒன்று. மாணிக்கம். என் அண்ணன்.