சிந்தாத தேநீரின் காவலர் மெக்கானிக் சைலஸ் அண்ணனுக்குப் பணி ஓய்வு வாழ்த்துமடல்

மலைப்பாதையின் மேடுபள்ளங்களை மடக்கிய மாவீரரே! இரட்டை அச்சு டிரெய்லரின் இணையற்ற இதயமே! கிரீஸ் மணக்கும் கையால் எங்கள் தோளைத் தட்டித் தட்டியே ஒரு சட்டையையும் வெள்ளையாக விட்டுவைக்காத வள்ளலே! வணக்கம்.

அடைமொழிகள் இன்னும் இருந்தன. "ரொம்ப ஓவரா கீது" என்று ஓட்டுநர் குணசீலன் கோடு போட்டு அடித்துவிட்டார்.

அண்ணா, நமது நடமாடும் கண் பரிசோதனை டிரெய்லர் அந்நாளில் சந்தவாசலிலிருந்து மலையேறிய கோலம் நினைவிருக்கிறதா? ஸ்பிரிங் பட்டைகள் விறைத்து, அவற்றைத் தாங்கும் புஷ்கள் தேய்ந்து, ஒவ்வொரு வளைவிலும் அது குதித்த குதியில், ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்வதற்குள் கண் பார்க்கும் கருவியே கோணிப்போகும். "மலை முகாமை நிறுத்திவிடலாம், ஜனங்கள் பஸ்ஸில் கீழே வரட்டும்" என்று நிர்வாகம் சொன்னபோது தலையாட்டிய கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். தாங்கள் மட்டும் எழுந்து கேட்டீர்கள்: "எந்த பஸ்ஸுங்க? எப்ப வர்து? சொல்லுங்க, நானும் ஏறிக்கிறேன்."

அதன்பின் நடந்தது எங்கள் பொற்காலம்! விறைத்த பட்டைக்கட்டுகளைக் கழற்றி மென்மையானவை பூட்டினீர்கள்; ரப்பர் புஷ்கள் போட்டீர்கள்; சக்கரத்துக்குச் சக்கரம் ஷாக் அப்சார்பர் வைத்தீர்கள்; ஓர் அச்சு பள்ளத்தில் இறங்கினால் மற்றது பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும்படி இரண்டுக்கும் நடுவே ஆடும் கட்டையைச் சீராக்கினீர்கள். முகாம் நிற்கவில்லை.

வேலை முடிந்ததும் வரும் அந்தச் சோதனையை எப்படி மறப்போம்! டிரெய்லர் தரையில் ஒரு டம்ளர் டீ. கொட்டகையைச் சுற்றி ஒரு ரவுண்டு. டீ சிந்தினால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். "ரோடு சரியில்லண்ணா" என்றால், "ரோடு அப்டித்தாம்பா இருக்கும், நீ சரியா இரு" என்பீர்கள். ஆறிப்போன அந்த டீயை நாங்கள்தான் குடிக்கவேண்டும் என்பது தண்டனையின் இரண்டாம் பாகம்.

மலை முகாமில் மேலூர் ரத்தினம்மாள் புதுக்கண்ணாடி போட்டதும், "டாக்டர அப்பால பாக்குறேன், இந்த வண்டிய ஆடாம கொண்டாந்த ஆளக் காட்டு" என்றார். தங்களைப் பார்த்ததும், "இன்னாய்யா, மூஞ்சி பூரா மை!" என்றார். "கிரீஸும்மா" என்று கூசிக்கொண்டு நின்றீர்களே, அந்த முகம் எங்கள் கண்ணிலேயே இருக்கிறது.

நாளை மலை முகாம். தாங்கள் இல்லாமல் முதல் ஏற்றம். ஆகவே இம்முறை புஷ் மாற்றியதும் போல்ட் முறுக்கியதும் நாங்கள் மட்டுமே. டிரெய்லர் தேறாவிட்டால் முகாம் தள்ளிப்போகும். மலையில் காத்திருப்பவர்களிடம் என்ன சொல்வது? இன்று காலை டம்ளர் வைத்தோம். டீ சிந்தியது.

விழாவுக்குக் கட்டிய புதுவேட்டியோடு அடியில் நுழைந்தீர்கள். போல்ட் போல்ட்டாகத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. வெளியே வந்து டம்ளரைப் பார்த்தீர்கள், அதை விளிம்புவரை நிரப்பிய, இம்மடலை எழுதும் இந்தக் கையையும் பார்த்தீர்கள்.

"டீ ஊத்தத்தான் தெரியல. மத்ததெல்லாம் சரியா பண்ணிக்கீறீங்கோ. போய்ட்டு வாங்கப்பா."

மேடையில் தங்கள் வேட்டியில் தெரியும் கறையின் வரலாறு இதுவே, சபையோரே!

அண்ணா! தங்கள் முட்டிகள் தேயாமல், முதுகு விறைக்காமல், நெடுநாள் நலமாக வாழ வேண்டும். சால்வை தருகிறோம், சட்டமிட்ட இம்மடலும் தருகிறோம். அந்த டம்ளரை மட்டும் தரமாட்டோம். அதில் டீ குடிக்கத் தாங்கள் கொட்டகைக்கு வந்தே ஆகவேண்டும். சூடாகவே தருவோம், அளவாகவே ஊற்றுவோம்.

தட்டித் தட்டிக் கறையான சட்டைகளுடன்,
நடமாடும் கண் பரிசோதனை வண்டிப் பணியாளர்கள்,
சந்தவாசல்