வண்டுக்குப் போட்ட பாட்டு

வண்டுக்குக் காது உண்டா என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை ஐயா. மூட்டை தூக்குகிறவனுக்கு வண்டு என்றால் கழுத்தில் ஊர்வது, தட்டிவிட வேண்டியது, அவ்வளவுதான். நீயே எழுது என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். நாற்பதுக்கு மேல் எழுத்துப் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தானியக் கிடங்குக்கு ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். சின்ன வயசு. எந்தப் பாட்டுக்கு வண்டு தானியத்தை விட்டு ஓடும், எந்தப் பாட்டுக்குச் சொக்கிப்போய் உட்காரும் என்று பார்ப்பது அவர் வேலை. கிடங்கு மூலையில் ஓர் அறையைத் தடுத்து, சுவரிலும் கதவிலும் பஞ்சு அடித்து, கண்ணாடிப் பெட்டிகளில் வண்டை விட்டு, ஒரு நாள் புல்லாங்குழல், ஒரு நாள் மேளம், ஒரு நாள் தாலாட்டு என்று போட்டார். அவருக்குப் பாட்டு வாத்தியார் என்று பெயர் வைத்தது என் மச்சான். என் வீட்டுக்காரியின் தம்பி, மூட்டைக்கு என் ஜோடி.

"அதுங்களுக்குக் கச்சேரி, நமக்கு மூட்டை. அடுத்த பிறவியில வண்டாப் பொறக்கணும் மாமா" என்பான்.

பஞ்சு அடித்தும் எங்கள் சத்தம் உள்ளே போனது. "வண்டு கலையுதுண்ணே, கொஞ்சம் குரல் குடுக்காமத் தூக்குங்க" என்றார் வாத்தியார். மேற்பார்வையாளரும் ஆமாம் போட்டார். நாங்கள் தூக்குவதே குரலில்தான் ஐயா. ஒருவன் "ஏ…" என்று இழுப்பான், மற்றவன் "ஏத்து" என்பான், அந்த 'து'வில் இரண்டு முதுகும் ஒன்றாக நிமிரும். அதை விட்டுக் கண்ணைப் பார்த்துத் தூக்கினோம், தலையை ஆட்டித் தூக்கினோம். மேல் அடுக்குக்கு ஏற்றும்போது நான் கண்ணிமைக்கும் நேரம் முந்திவிட்டேன். மூட்டை மச்சான் மேல் சரிந்தது. இடுப்புக்குக் கீழே அவனுக்கு இனி ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த வாத்தியார் சொன்ன முதல் வார்த்தை, "ஐயோ, இன்னைக்குப் பாத்தது எல்லாம் போச்சே." பிறகுதான் கீழே பார்த்தார். பிறகு அழுதார், ஆம்புலன்ஸில் கூடவே வந்தார். எனக்கு அந்த முதல் வார்த்தைதான் காதில் நின்றது.

நியாயம் கேட்டுப் பார்த்தேன். மேற்பார்வையாளர் வாத்தியாரைக் கை காட்டினார், வாத்தியார் மேலிடத்தில் பேசுகிறேன் என்றார், மேலிடம் விபத்து என்றது. குரல் கொடுக்காதே என்று யார் சொன்னார்கள், எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். வாயால் சொன்னதை யார் எழுதித் தருவார்கள்? அலைந்து அலைந்து செருப்புதான் தேய்ந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், மச்சானின் கட்டில் பக்கத்தில் வாத்தியார். காதில் மாட்டுகிற கருவியை அவன் தலையில் மாட்டி, ஒவ்வொரு பாட்டாகப் போட்டு, "இது எப்படிண்ணே? சரி, இது?" என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேளத்தைக் கூட்டு வாத்தியாரே, காலு ஆடுதான்னு பாப்போம்" என்று மச்சான் சிரித்தான். என் வீட்டுக்காரியும் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எனக்கு ஒன்றுதான் விளங்கியது. வண்டு முடிந்தது, இப்போது என் மச்சானைச் சோதிக்கிறார். யாராவது இதை நிறுத்த வேண்டுமே.

ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும் வண்டு பரவாமல் இருக்க அறைக்கு விஷப்புகை போடுவோம். கதவை இறுக்கி ஒட்டிவிட்டு வெளியிலிருந்தே குழாயில் விடுவது என் வேலை. கதவில் ஒரு பலகை தொங்கும். ஒரு பக்கம் 'ஆள் இருக்கிறார்', மறு பக்கம் 'ஆள் இல்லை'. இரண்டும் தொடங்குவது ஒரே மாதிரி. அரைகுறைப் படிப்பு, முதல் எழுத்துகளைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று அன்றைக்கு உங்கள் ஆட்களிடம் சொன்னேன். பாவம் என்று அவர்களும் நம்பினார்கள். அது பொய் ஐயா. எழுத்துக் கூட்டி, 'இருக்கிறார்' என்று வாய்விட்டே படித்தேன். படித்த பிறகுதான் குழாயைத் திறந்தேன்.

கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே மேளம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தட்டியது முதலில் தாளத்தில் சேரவில்லை. பிறகு கொஞ்சம் சேர்ந்தது. பிறகு மேளம் மட்டும். பாட்டு முடியும்வரை நின்றேன். பாதியில் போவது மரியாதையாகப் படவில்லை.

மச்சானுக்குத்தான் முதலில் சொன்னேன். "இனிமே உன்னை யாரும் சோதிக்க மாட்டாங்க" என்றேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். உங்களுக்குச் சொல்லி அனுப்பியதே அவன்தான் என்கிறீர்கள். இருக்காது ஐயா. முதுகுவலி அதிகமானால் என்ன பேசுகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது.